சிவகாசியின் இரும்புக்கை: படக்கதைத் தொகுப்புகளும் வாசகர் கடிதங்களும்

1972-இல் சிவகாசியிலிருந்து எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸ் என்ற படக்கதை இதழைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் தொடக்கக் கால ஆசிரியர். முதல் இதழின் தலைப்பு 'இரும்புக்கை மாயாவி'. வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன். மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அறிவியல் புனைவையும் ராணுவ உளவுக் கதையையும் ஒன்றாகக் குழைத்த இந்த வகைப் படக்கதைக்குத் தமிழில் ஒரு நிலையான வாசகர் கூட்டம் சேர்ந்தது இந்த இதழிலிருந்துதான். அந்தக் கூட்டம் ஐம்பது ஆண்டுகளாகக் கடிதம் எழுதியும், சண்டை போட்டும், முன்பணம் கட்டியும் பதிப்பாளரைத் தன் பக்கம் இழுத்தபடியே வந்திருக்கிறது. சிவகாசிப் படக்கதையின் வரலாற்றில் சரிபாதி இந்த எதிர்வினைகளின் வரலாறு.

இப்படியொரு இதழ் சென்னையை விட்டுவிட்டு சிவகாசியில் பிறந்ததற்குக் காரணம் தீப்பெட்டி. 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்தே பெட்டியைக் கேட்டு வாங்கினார்கள் என்பதால் லேபிள் பளிச்சென்று இருக்க வேண்டும். அதற்காக லித்தோ அச்சகங்கள் வந்தன. பட்டாசுத் தொழில் வளர்ந்தபோது அந்தப் பெட்டிகளுக்கும் படம் தேவைப்பட்டது. அணுகுண்டு, ராக்கெட் என்று வெடிகளுக்கே போர்க்களப் பெயர்களை வைத்த ஊர் இது. பிறகு காலண்டர், டைரி, நோட்டு அட்டை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவது இன்றும் நடக்கிற வழக்கம். அன்று முதல் மார்கழி வரை இயந்திரங்களுக்கு ஓய்வு கிடையாது. ஓவியர், நெகடிவ் எடுப்பவர், பிளேட் போடுபவர், பேப்பர் வியாபாரி, பைண்டிங் செய்பவர் எல்லாரும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார்கள். படக்கதைக்கு வேண்டியதில் கதை ஒன்றுதான் ஊரில் இல்லை.

கதை லண்டனிலிருந்து வந்தது. ஃப்ளீட்வே நிறுவனம் 1962-இல் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழில் வந்த தொடர்தான் இரும்புக்கை மாயாவியின் மூலம். அதன் முதல் எழுத்தாளர் கென் பல்மர், விண்வெளி நாவல்களை வரிசையாக எழுதிக் குவித்த ஆங்கில அறிவியல் புனைவாளர். ஓவியர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் என்ற அந்த நாயகன் தொடக்கத்தில் திருட்டுக்கும் மிரட்டலுக்கும் தன் சக்தியைப் பயன்படுத்துகிறான். பிற்பாடு மனம் திருந்தி, 'நிழற்படை' என்று தமிழில் பெயர் பெற்ற ரகசிய அமைப்பின் உளவாளியாகிறான். அங்கே அவனுடைய கை ஆயுதக் கிடங்காக மாறுகிறது. விரல் நுனியிலிருந்து குண்டு பாயும், இன்னொரு விரலிலிருந்து மயக்கவாயு வரும். எதிரிகளோ உலகத்தையே விலை பேசும் விஞ்ஞானிகள், கடலடிக் கோட்டைக்காரர்கள், யந்திரப் படைகளை ஏவுகிறவர்கள். 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு', 'பாதாள நகரம்', 'இயந்திரத் தலை மனிதர்கள்' என்ற தமிழ்த் தலைப்புகளே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும்.

ஃப்ளீட்வே 1967 வாக்கில் இந்த நாயகர்களுக்குக் கையடக்க நூல்வரிசை ஒன்றையும் நடத்தியது. ஒரே புத்தகத்தில் முழு நீளக் கதை. வாரத் தொடரைப் போல இரண்டு பக்கத்தில் அறுந்து நிற்காது. சிவகாசிக்கு இது வாகாக அமைந்தது. மாயாவியோடு அதே வரிசையைச் சேர்ந்த ஜானி நீரோவும், லாரன்ஸ்–டேவிட் ஜோடியும் முத்து காமிக்ஸுக்கு வந்தனர். இம்மூன்று தலைப்புகளையும் வாசகர்கள் 'மும்மூர்த்திகள்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நாளிதழ்ப் படத்தொடர்களிலிருந்து வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கெர்பி, காரிகன், சார்லி ஆகியோரும் வந்தார்கள். இவர்களில் சார்லி, 1943-இல் ராய் கிரேன் உருவாக்கிய பஸ் சாயர்; இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாகப் பிறந்த பாத்திரம்.

ஆங்கிலப் பக்கம் தமிழ்ப் பக்கமாகிற இடத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பேச்சுக் குமிழின் அளவு ஆங்கிலத்துக்காக வரையப்பட்டது. "ஃபயர்!" என்று நான்கு எழுத்தில் முடிகிற கட்டளை தமிழில் "சுட்டுத் தள்ளுங்கள்!" என்று நீளும். எனவே மொழிபெயர்ப்பாளர் வசனத்தைச் சுருக்குவார், எழுத்துக் கலைஞர் கையால் பொடி எழுத்தில் எழுதுவார், அது குமிழில் ஒட்டப்படும், இடம் போதாவிட்டால் குமிழைப் பெரிதாக்கிப் பின்னணிக் கோடுகளைக் கொஞ்சம் தின்றுவிடுவார்கள். பக்கத்தின் வடிவத்துக்கேற்ப ஓவியத்தை வெட்டி ஒட்டுவதும் நடந்தது. அட்டைப்படத்தை மட்டும் காலண்டர் வரைந்து பழகிய உள்ளூர் ஓவியர்கள் புதிதாகத் தீட்டினார்கள். சாமி படங்களின் பளபளப்பும் சிவப்பும் மஞ்சளும் ஒற்றர்களுக்கும் இயந்திர மனிதர்களுக்கும் கிடைத்தது அப்படித்தான். பழைய இதழ்களைச் சேர்ப்பவர்கள் உள்பக்க ஓவியத்துக்கு இணையாக இந்த அட்டைகளை மதிப்பதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்து மூலத்தில் இல்லாதவை அவை.

வங்கதேசப் போர் 1971 டிசம்பர் 16-இல் முடிந்த கையோடு வந்த ஆண்டில் முத்து பிறந்தது. வீட்டு ரேடியோவில் போர்ச் செய்தி கேட்ட தலைமுறைதான் அதன் முதல் வாசகர்கள். புத்தகம் பெட்டிக்கடையில் தொங்கியது, பேருந்து நிலையத்தில் விற்றது, வாடகை நூல்நிலையத்தில் கைமாறியது. ஒரு பிரதியைப் பத்துப் பேர் படித்தார்கள். அந்தக் கால எதிர்வினை பெரும்பாலும் எழுத்தில் பதிவாகாதது: கையில் துணி சுற்றிக்கொண்டு தெருவில் மாயாவி விளையாட்டு, பிளக்கில் விரலை வைத்தால் தானும் மறையலாமோ என்ற விபரீத யோசனை. இந்த யோசனை தமக்கும் வந்ததாகப் பின்னாளில் நடுவயதுக்காரர்கள் பலர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். அதே ஆண்டுகளில் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடியுமுன்னே வண்டியேறித் தீப்பெட்டி ஒட்டப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-இல்தான் வந்தது. அந்த ஊர் அச்சடித்த சிறுவர் சாகசத்தை வாங்கிப் படித்தவர்கள் அதிகமும் மதுரை, கோவை, சேலம், சென்னைப் பிள்ளைகள்.

எதிர்வினை எழுத்தாகத் திரண்டது 1984-க்குப் பிறகு. அந்த ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பதின்வயதைக் கூடத் தாண்டாத நிலையில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டை முன்னிறுத்திக் களத்தில் இறங்கியது. லயனின் முதல் இதழ் 'கத்திமுனையில் மாடஸ்டி'. மாடஸ்டி பிளைசி நல்ல கதை, ஆனால் கடையை உலுக்கவில்லை. உலுக்கியவன் ஸ்பைடர். 'எத்தனுக்கு எத்தன்' என்ற தலைப்பில் அவன் நுழைந்ததும் விற்பனையும் கடிதமும் கூடின. கூர்மையான காதும் கூர்மண்டையும் கொண்ட இந்தக் குற்றச் சக்கரவர்த்தி வலைத்துப்பாக்கி, வாயுத்துப்பாக்கி, ஹெலிகார் என்று பறப்பவன். இவனுடைய கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். ஸ்பைடரைத் தொடர்ந்து இயந்திர மனிதன் ஆர்ச்சி. டாங்கியை வெறுங்கையால் புரட்டும் இந்த இரும்பு உடலுக்கு ஆங்கிலத்தில் தற்பெருமை மட்டும்தான் உண்டு. தமிழ் வசனம் அவனைக் கோமாளியாகவும் ஆக்கியது. 'சட்டித்தலையன்' என்று வாசகர்கள் அவனைக் கொண்டாடினார்கள்.

ஸ்பைடரும் ஆர்ச்சியும் மூலத்தில் வந்த பிரிட்டிஷ் 'லயன்' வார இதழ் 1974-லேயே மூடப்பட்டு 'வேலியண்ட்'டோடு இணைந்துவிட்டது. அங்கே பத்தாண்டுக்கு முன் சவக்குழிக்குப் போன நாயகர்கள் இங்கே புதுமுகங்களாக அறிமுகமானார்கள். தமிழ்ச் சிறுவனுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டான்.

கடிதங்கள் பதினைந்து பைசா அஞ்சலட்டையில் வந்தன, இன்லேண்டிலும் வந்தன. அவற்றுக்கு ஒரு இலக்கணமே இருந்தது. முதலில் அட்டைப்படத்துக்கு மதிப்பெண். அடுத்து கதைக்கு. அதற்கப்புறம் அச்சுத் தெளிவு, எழுத்துப் பிழை, காணாமல் போன பக்கம் பற்றிய புகார். முடிவில் கோரிக்கை: அடுத்த மாதம் ஸ்பைடர் வேண்டும், ஆர்ச்சி வேண்டும், இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் வேண்டும். விஜயன் 'ஹாட்லைன்' என்ற பகுதியில் இவற்றுக்குப் பதில் சொன்னார். உரிமை கிடைப்பதில் உள்ள இழுபறி, பேப்பர் விலை, தாமதத்துக்கான சாக்கு எல்லாம் அங்கே வந்தன. பதிப்பாளர் தன் கணக்குவழக்கைச் சிறுவர்களிடம் விரித்துக் காட்டுவது அன்றைய தமிழ் இதழுலகில் அபூர்வம். அதன் விளைவு, வாசகன் தன்னைக் கம்பெனியின் பங்குதாரராக எண்ணிக்கொண்டான்.

'குண்டு புக்' பிறந்தது இந்தக் கோரிக்கைகளிலிருந்துதான். கோடை விடுமுறைக்கு ஒரு கோடை மலர், பட்டாசு வாங்கும் நேரத்தில் ஒரு தீபாவளி மலர் என்று பல நாயகர்களின் கதைகள் ஒரே பைண்டிங்கில் வந்தன. 1986-இன் லயன் கோடை மலரைப் பற்றி இன்றும் சேகரிப்பாளர்கள் பேசுகிறார்கள். மாதந்தோறும் வரும் மெல்லிய இதழில் கதை பிடிக்காவிட்டால் காசு நஷ்டம். தொகுப்பில் அப்படி இல்லை. நான்கில் ஒன்று சப்பென்று இருந்தாலும் மற்ற மூன்று ஈடுகட்டிவிடும். கடிதங்களின் தன்மையையும் தொகுப்பு மாற்றியது. தனி இதழைப் பற்றி எழுதுகிறவன் பிடித்தது, பிடிக்கவில்லை என்று முடித்துவிடுவான். தொகுப்பைப் பற்றி எழுதுகிறவன் கதைகளை வரிசைப்படுத்த வேண்டும், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும். இரும்புக்கையையும் இயந்திர மனிதனையும் அடுத்தடுத்துப் படித்த பதிமூன்று வயதுப் பையன், எதில் விஞ்ஞானம் பொருந்துகிறது, எதில் ஓவியன் கதாசிரியனைக் காப்பாற்றியிருக்கிறான் என்று வாதாடத் தொடங்கினான். விமர்சனம் என்ற பெயர் இல்லாமலே விமர்சனம் நடந்தது.

அந்த வாதாட்டமே பழைய நாயகர்களுக்கு வினையாகவும் முடிந்தது. வயது ஏற ஏற வாசகர்கள் 'காதில் பூ' என்ற சொல்லைக் கையிலெடுத்தார்கள். நியூயார்க் நகரையே ஒரு கும்பல் கடத்துவதும், ஸ்பைடர் கால்மணி நேரத்தில் ஒரு கருவி செய்து அதை மீட்பதும் காதில் பூச்சுற்றும் வேலை என்று எழுதினார்கள். ஆசிரியரும் அதே சொல்லை எடுத்துக்கொண்டு, வரப்போவது பூ ரகமா இல்லையா என்று முன்கூட்டியே அறிவிக்கும் அளவுக்குப் போனார். ஐரோப்பியக் கதைகளுக்கு வழி திறந்தது இந்தச் சலிப்புதான். 1985-இல் 'தலைவாங்கிக் குரங்கு' மூலம் இத்தாலிய ரேஞ்சர் டெக்ஸ் வில்லர் வந்தார். லயனில் அவர் பிடித்த இடத்தை வேறு யாரும் பிடிக்கவில்லை. ஷார்லியே–ஜிரோ கூட்டணியின் புளூபெரி 'கேப்டன் டைகர்' ஆனார்: அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி, மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாதவர், செவ்விந்தியர் போரின் அநியாயத்தை நேரில் பார்த்தவர். வான் ஹாம்–வான்ஸ் இருவரின் 'XIII', 'இரத்தப் படலம்' என்ற பெயரில் தொடராக வந்தது. நினைவிழந்த ஒருவன், அவன் முன்பு எந்தப் படையில் இருந்தான், ஜனாதிபதியைச் சுட்டது அவனா, ராணுவத் தளபதிகள் ஏன் சதி செய்கிறார்கள் என்று பின்னிப் பின்னிப் போகும் கதை.

ராணுவத்தை வாசகர் பார்த்த பார்வை இங்கே தடம் மாறுகிறது. நிழற்படைக் கதைகளில் மேலிடத்து உத்தரவு சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. எதிரி வெளியில் இருப்பான். XIII-இல் எதிரி தலைமையகத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். பழைய வாசகர்கள் இந்த மாற்றத்தைத் தயக்கமில்லாமல் ஏற்றார்கள். இடைவெளி விட்டு விட்டு வந்ததால் முந்தைய பாகம் மறந்துபோகிறது என்பதுதான் அவர்களுடைய ஒரே பெரிய குறை.

1990-களில் தொலைக்காட்சி பெருகியது. முகவர்களிடமிருந்து பணம் வருவது சுணங்கியது. 2000-களில் இதழ்கள் எப்போது வரும் என்பது ஜோதிடம் ஆயிற்று. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோனது. புதிய சிறுவர்கள் வரவில்லை, பழைய சிறுவர்கள் போகவும் இல்லை. விஜயன் 'சிங்கத்தின் சிறுவயதில்' என்ற தொடரில் பழைய கதைகளைச் சொல்லத் தொடங்கியதை அவர்கள் படக்கதைக்கு நிகரான ஆவலோடு படித்தார்கள். 'இரத்தப் படலம்' முழுவதும் ஒரே நூலாக வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, 2010-இல் 18 பாகங்களும் கறுப்பு வெள்ளையில் ஒற்றைத் தொகுப்பாக வந்தன. முன்பதிவுப் பணத்தை நம்பி அச்சேறிய புத்தகம் அது.

2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி, 100 ரூபாய் விலையில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. அதுவரை பத்து ரூபாய்ச் சாணித்தாள் இதழாக இருந்ததை ஆர்ட் பேப்பருக்கும் முழு வண்ணத்துக்கும் மாற்றும் துணிச்சல் அந்த ஆண்டு கிடைத்தது. முத்துவின் 40-ஆம் ஆண்டை முன்னிட்டு 2013 ஜனவரியில் 400 ரூபாய்க்கு 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்'. 2015-இல் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' வண்ணத் தொகுப்பு. 2018-இல் 'இரத்தப் படலம்' மறுபடி, இம்முறை வண்ணத்தில். நடைமுறை ஒன்றேதான்: வாசகர் கேட்பார், பதிப்பாளர் விலை சொல்வார், முன்பதிவு போதிய அளவு சேர்ந்தால் அச்சு ஓடும். விற்பனையாகாத பிரதி கிடங்கில் தூங்கும் அபாயம் இதனால் குறைந்தது. கடையில் தற்செயலாக எடுத்துப் பார்க்கிற புது வாசகனுக்கு இடமும் குறைந்தது. இந்த இரண்டாவது விளைவைப் பற்றி ரசிகர்கள் பேசுவது குறைவு.

மறுபதிப்புக் கோரிக்கை இன்னொரு பஞ்சாயத்து. பழைய புத்தகச் சந்தையில் மாயாவி இதழ்களின் விலை எகிறியிருந்தது. மறுபதிப்பு வந்தால் சேகரிப்பின் மவுசு குறையும் என்று சிலருக்கு உள்ளூர வருத்தம், பெரும்பாலோருக்குச் சந்தோஷம். 2015-ஐ ஒட்டி மும்மூர்த்திகளும் ஸ்பைடரும் வரிசையாகத் திரும்ப வந்தபோது எதிர்வினை இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார் பன்னிரண்டு வயதில் படித்த அதே பக்கத்தைத் தடவிப் பார்த்தார்கள். வசனத்தில் ஒரு சொல் மாறினாலும் கண்டுபிடித்துக் கேட்டார்கள். மறுசாரார் மாயாவி பல்பு சாக்கெட்டில் விரலை விட்டு மறைவதை நாற்பது பக்கத்துக்கு மேல் தாங்க முடியவில்லை என்றார்கள், அந்தப் பணத்தில் புதிய ஐரோப்பியக் கதை போடலாமே என்றார்கள். இரு தரப்பும் ஒரே ஆளுக்குள்ளேயே இருந்ததும் உண்டு: குறை சொல்லிக்கொண்டே சந்தா கட்டியவர்கள்.

இங்கிலாந்திலும் இந்த நாயகர்கள் பிற்காலத்தில் தலைகாட்டினார்கள். 2005-இல் தொடங்கிய 'ஆல்பியன்' தொடர், ஆலன் மூரின் கதைத்திட்டத்தில், இரும்புக்கையையும் ஸ்பைடரையும் ஆர்ச்சியையும் சிறையில் அடைபட்ட பழங்கால ஆட்களாகக் காட்டியது. ரெபெல்லியன் நிறுவனம் பழைய ஃப்ளீட்வே உரிமைகளை வாங்கியபின் 2021-இல் இரும்புக்கைத் தொகுப்பை வெளியிட்டது. லண்டன் வாசகருக்கு அது தோண்டியெடுத்த புதையல். சிவகாசி வாசகருக்கு அறிமுகம் தேவைப்படாத வீட்டு ஆள்.

2022-இல் முத்துவுக்கு 50 ஆண்டு நிறைந்தது. வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கெர்பி, காரிகன் ஆகியோரின் கதைகள் 'ஸ்மாஷிங் 70ஸ்' என்ற பெயரில் தடித்த அட்டைத் தொகுப்புகளாக வந்தன. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர் சந்திப்பு நடக்கிறது. அடுத்த ஆண்டு அட்டவணையில் எந்த நாயகனுக்கு எத்தனை இடம் என்ற விவாதம் அங்கே நேருக்கு நேர் நடக்கும். இலங்கைத் தமிழர்களும் புலம்பெயர்ந்தவர்களும் தபாலில் வரவழைத்துப் படிக்கிறார்கள். கூட்டத்தில் பெண்கள் சிலரே. நாற்பதைத் தாண்டாதவர்களும் சிலரே. பிள்ளைகளுக்கென்று தனியாக ஏதாவது போடுங்கள் என்று அந்த நாற்பதைத் தாண்டியவர்களே கேட்கிறார்கள், போட்டதை முதலில் வாங்கிப் படிப்பவர்களும் அவர்களாகவே இருக்கிறார்கள்.